எந்தச் சுவர் தாங்கும்?

2025 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, ஞாயிறு விடியற்காலையில் சிகாமட் வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தது. அளவு 4.1. உயிர்ச்சேதம் இல்லை. நம் பண்டார் தெங்காராவிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்தான். ஆனாலும், "ஜொகூரிலேயே நிலநடுக்கமா?" என்று வாய் பிளந்தவர்கள் அன்றைக்கே வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்திருப்பார்கள்!

எந்தச் சுவர் தாங்கும் என்று கேட்டால், தடித்த சுவர்தான் என்பார்கள் நம்மவர்கள். 1993 செப்டம்பர் 30-இல் மகாராஷ்டிரத்து லாத்தூரில் விழுந்தவை தடித்த சுவர்களே. கருங்கல்லும் சேறும் கொண்டு கட்டியவை. உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் பொடிக்கல். இரண்டையும் பிணைக்கக் குறுக்குக்கல் இல்லை. நிலம் குலுங்கியதும் சுவர் இரண்டாகப் பிளந்தது. மேலிருந்த மண்கூரையும் தூங்கியவர்கள்மேல் சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதைவிட மெல்லியது. ஆனால் கற்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால் அதைவிட வலியது. நாலரை அங்குல ஒற்றைக்கல் சுவரோ, நீளவாக்கில் தள்ளினால் நிற்கும். முகத்தில் தள்ளினால் சாயும். மூடியில்லாத அட்டைப்பெட்டியின் பக்கங்களைத் தள்ளிப் பாருங்கள், மடங்கும். வாயைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டிவிட்டுத் தள்ளுங்கள், வித்தியாசம் தெரியும்.

அந்தப் பட்டைதான் விஷயமே. பலுசிஸ்தானத்தில் 1931-இல் ஏற்பட்ட நடுக்கத்துக்குப் பின், எஸ். எல். குமார் என்ற பொறியாளர் குவெட்டாவில் ரயில்வே குடியிருப்புகளைத் தண்டவாள இரும்பால் பிணைத்துக் கட்டினார். 1935 மே 31-இல் குவெட்டா நகரமே தரைமட்டமாயிற்று. அந்த வீடுகள் நின்றன.

1972-இல் கெஜோரா அமைந்த பிறகு, செம்பனைக்கு நடுவே எழுந்த ஊர் நம்முடையது. கான்கிரீட் தூணும் உத்தரமும் சுமையைத் தாங்கும் வீட்டில், நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்பு. தூணோடு கம்பியால் இணைத்திருந்தால் கவலையில்லை. எனக்குப் பயம், பின்னால் நாம் இழுத்துக் கட்டும் குசினியைப் பற்றித்தான். தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. ஒற்றைக்கல் சுவரின் தலையில் நேரே தகரக் கூரை! தகரம் இலேசு என்பது ஒன்றே ஆறுதல்.

குத்தகையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். மூலைக்கு மூலை கம்பி போட்ட தூண் வேண்டும். சிலி, பெருவில் செய்வதுபோல், முதலில் சுவரைப் பல்பல்லாக விட்டு எழுப்பி, பிறகு தூணை வார்த்தால் இரண்டும் கவ்விக்கொள்ளும். கதவு, சன்னல்களுக்கு மேலே நாலு பக்கமும் அறுபடாமல் ஒரு கான்கிரீட் பட்டை ஓடட்டும். சன்னலை மூலையில் வைக்க விடாதீர்கள். செங்கல்லை நனைத்துத்தான் அடுக்க வேண்டும். காய்ந்த சாந்தில் தண்ணீர் ஊற்றிக் குழப்பினால் "போதும் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

கட்டிய சுவருக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். கூலியாக ஐஸ் கச்சாங் கேட்பார்கள், அவ்வளவுதான்.