நாளொரு கட்டுரை

தணிகை மலைக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாட்களை அவை குறிக்கும் என்பது வழிவழி வந்த கூற்று. அம்மலையை ஒரே தாவலில் ஏறினார் எவருமிலர். படிவழி செல்வோர் அனைவரும் படிப்படியாக ஏறியே உச்சியை அடைகின்றனர். கல்வியும் இத்தன்மையதே. ஆயினும் நம் மாணவருட் பலர், பரீட்சைக்கு முந்திய பத்து நாளில் மலை முழுவதையும் தாவிவிட முயல்கின்றனர்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் இக்காலத்துத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் விரதமொன்று உண்டு. நாள்தோறும் தம் தொழில்பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தல் வேண்டும். படித்ததனைப் பிறர்க்கும் வழங்குதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கல்லவே என்னும் நிரலர், நூறு நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் நிரலெழுதி, அன்றன்று செய்ததனைப் பலரறியக் கூறுவதென உறுதி பூண்டார். அவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. வாசிப்பு விரதமும் அதற்கு உடன்பிறப்பே.

இத்தொழிலினர்க்கு இது வேண்டற்பாலதோ எனின், மிகவும் வேண்டற்பாலதே. இன்று நிரலர் பெரும்பாலோர் கையாளும் 'கிட்' என்னும் கருவியை லீனஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கியது 2005-இல். அதற்கு முன் பட்டம் பெற்ற நம் பழைய மாணவர்க்கு அதனை எவ்வகுப்பிலும் எவரும் போதித்திருக்க இயலாது. அவர்கள் தாமே படித்தன்றோ அறிந்தனர்?

நிற்க. படித்தல் இவ்விரதத்திற் பாதியே, வழங்குதல் மறுபாதி. இம்மறுபாதியே அருமையுடையது என்பது நம் கருத்து. கைப்பேசிக் குழுவிற் கட்டுரையின் சுட்டியை மட்டும் தள்ளிவிடுதல் வழங்குதல் ஆகாது. கடிதத்தைக் கொணரும் அஞ்சற்காரர் அதனுள் எழுதியிருப்பதை அறிவாரோ? படித்த பொருளைத் தன் சொல்லில், தன் மொழியில், அருகிருப்பான் ஒருவனுக்கு விளங்கக் கூறுதலே வழங்குதலாம்.

ஓர் உதாரணம் காட்டுவோம். 'இருமத் தேடல்' என்னும் முறையைப்பற்றி ஆங்கிலத்திற் கட்டுரைகள் பல உள. அவற்றைப் படித்த மாணவன் தன் தோழனிடம் இங்ஙனம் கூறலாம்: "தணிகையின் 365 படிகளுள் ஒன்றை நீ மனத்தில் நினைத்துக்கொள். பாதிப் படிக்கு மேலா, கீழா என்று கேட்பேன். நீ விடை சொல்லச் சொல்ல, எஞ்சியதை மீண்டும் மீண்டும் பாதியாக்குவேன். ஒன்பது வினாவுக்குள் உன் படியைக் கண்டுவிடுவேன்." வரிசையாக அடுக்கிய பத்து லட்சம் பெயருள் ஒன்றைத் தேடுவதற்கும் இருபது வினாக்களே போதும். இதனைக் கேட்ட தோழன் மறப்பானோ? கூறியவனும் தான் மறவான். தனக்குத் தெளியாத இடம் எதுவென்பதையும் கூறும்போதே அறிந்துகொள்வான்.

இதிற் பெரியதொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பக்கத்து ஊர்களினின்று கல்லூரிக்கு வரும் இளைஞர் பலர் தமிழிற் படித்தவர். சிலர் வீட்டிலே தெலுங்கு பேசுபவர். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினும் இரு மொழியும் அவ்வூர்த் தெருக்களில் இன்றும் ஒருங்கே ஒலிக்கின்றன. இவ்விளைஞர் முதலாண்டில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் திகைத்து நிற்கின்றனர். அறிவிற் குறைவிலராயினும் ஊக்கம் இழக்கின்றனர். அவர்க்கு வேண்டுவது, முன்னே ஒரு படி ஏறிய ஒருவன் நீட்டும் கையே.

அத்தகைய கை நீட்டினார் வரலாற்றில் உளர். தணிகையில் 1888-இற் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணனுக்கு, உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். அதனாலேயே அவர் தத்துவத்தைப் பாடமாக எடுத்தார் என்பர். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் போந்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். நம் காலத்தில், நிரலர் த. சீனிவாசன் முதலியோர் 2012-இல் 'கணியம்' என்னும் மின்னிதழைத் தொடங்கிக் கட்டற்ற மென்பொருள்பற்றிய கட்டுரைகளை எளிய தமிழில் யாவர்க்கும் இலவசமாக வழங்கினர்.

தமிழில் ஏற்ற சொல் இல்லையே என்பார் உளர். 'சர்வர்' என்பதை அப்படியே எழுதுக. அது செய்யும் வேலையைத் தமிழில் விளக்குக. செயற்கை நுண்ணறிவுக் கருவி நொடியிற் சுருக்கித் தருமே என்பாரும் உளர். பிறர் உண்ட சோறு நம் பசியை ஆற்றாது. நாள்தோறும் இயலுமோ என்பார்க்கு நாம் கூறுவது: எண்ணிக்கை பெரிதன்று. ஒருநாள் தவறின் மறுநாள் தொடர்க. விளங்காததை விளங்கியதாக எழுதற்க.

ஆதலின் நம் விண்ணப்பம் இது. வாசகசாலைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டுக. நாளுக்கொரு மாணவர், தாம் படித்த கட்டுரையின் சாரத்தைப் பத்து வரியில் தமிழிலேனும் தெலுங்கிலேனும் எழுதுக. ஆசிரியர் வாரம் ஒருமுறை பிழை திருத்துக. தொழிலில் அமர்ந்துள்ள பழைய மாணவர், படிக்கத் தக்க கட்டுரைகளைத் தெரிந்து அனுப்புக. செலவு ஒரு சுண்ணக்கட்டியே. இவ்வாண்டு கல்லூரிக்கு வரும் கிராமத்து மாணவன் அப்பலகையின் முன் நின்று, "இது எனக்கும் விளங்குகிறதே!" என்பானாயின், அதனினும் நாம் வேண்டுவது பிறிதில்லை.