பத்துப் பருவமும் ஒரு தராசும்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்போம் நாம். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, அப்புறம் வருகை. ஆனால் ஒன்றரை வயதாகியும் நடை பழகாத குழந்தையை அடுத்த வீட்டில் கண்டால், "போகப்போகச் சரியாகும்" என்று நகர்ந்துவிடுகிறோம். அக்குழந்தையை எடைபோட்டுக் குறித்துவைக்கும் அங்கன்வாடிப் பணியாளர் நமக்குச் 'சத்துமாவு டீச்சர்'. என்ன ஏளனம்!

1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கியது அன்றைய மதுரை மாவட்டத்தில்தான். திண்டுக்கல் 1985 வரை அம்மாவட்டத்தின் பகுதி. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எல்லோருக்கும் உணவு தரவில்லை. மிகவும் மெலிந்த குழந்தைக்கும் எடை ஏறாத குழந்தைக்கும் மட்டும் தொண்ணூறு நாள் துணையுணவு, தாய்க்கு அறிவுரை. மெலிவு கண்ணுக்குத் தெரியுமுன் தராசு சொல்லிவிடும் என்பதே கணக்கு.

இன்றோ, அங்கன்வாடியில் ஆங்கிலம் உண்டா என்பதே நம் கேள்வி. 2019இல் எல்.கே.ஜி. வந்தபோது மகிழ்ந்தோம்; மகிழ்ச்சி குற்றமன்று. ஆயின் வேடசந்தூர்ப் பஞ்சாலைக்கோ நிலக்கோட்டைப் பூந்தோட்டத்துக்கோ தாய் போய்விட, பாட்டியிடம் கிடக்கும் பத்து மாதக் குழந்தையை யார் பார்ப்பது? அவ்வீட்டுப் படியேற வேண்டிய பணியாளரின் பொழுதைப் பதிவேடும் கைப்பேசிச் செயலியும் வாக்காளர் பட்டியல் வேலையும் தின்கின்றன. அந்தப் பட்டியல் வேலையையாவது அவர் தலையிலிருந்து இறக்குங்கள் என்று நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோமா? சப்பாணிப் பருவத்துக்கு மட்டும் மூன்று கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம்.