நோய் நீங்கியும் எழாத கால்கள்

 

சென்ற மாதம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சென்று, அங்கு வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கையைக் கண்டு வந்தேன். அஸர் தொழுகைக்காக அவள் நாற்காலியை இழுத்துப் போட்டபோது, அவளுடைய மாமியார் என்னிடம் மெல்லச் சொன்னார்: “வியாதி தீர்ந்து மூணு வருஷமாச்சு தம்பி. முகம்கூட பழையபடி ஆயிடுச்சு. இன்னும் தரையில உட்கார்ந்து எழமாட்டேங்குறா. சோம்பல்தான்.”

அச்சொல் தங்கையின் காதிலும் விழுந்தது. அவள் மறுமொழி ஏதும் கூறவில்லை. அவள் கூறாத மறுமொழியையே இம்மாதம் எழுதுகிறேன்.

அவளுக்கு வந்தது குஷிங் நோய். ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1912-இல் இதனை விவரித்தார்; அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி தோன்றினால், அதன் தூண்டுதலால் கார்டிசால் அளவின்றிப் பெருகுகிறது. முகம் வட்டமாக உப்பும், வயிறு பருக்கும், கைகால்கள் மெலியும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும்.

மிகுதியான கார்டிசால் தசையிலுள்ள புரதத்தைச் சிதைக்கிறது. தொடை, இடுப்பு, தோள் ஆகியவற்றின் தசைகளே பெரிதும் நலிகின்றன. தரையிலிருந்து எழவும், படியேறவும், உயரத்திலுள்ள பாத்திரத்தை எடுக்கவும் இவையன்றோ வேண்டும்? கட்டியை அகற்றியதும் முக வீக்கம் சில மாதங்களில் வடிந்துவிடும். ஆனால் வீக்கம் வடிவது வேறு; கரைந்த தசை மீள்வது வேறு. 2017-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், நோயாளிகளின் கைப்பிடி வலுவையும், நாற்காலியிலிருந்து எழுந்தமரும் வேகத்தையும் அளந்து பார்த்தனர். குணமடைந்து பல்லாண்டுகள் கழிந்தவர்களிடமும் தளர்ச்சி எஞ்சியிருக்கக் கண்டனர். ஆகவே இது சோம்பலன்று. நோய் விட்டுச் சென்ற தழும்பு. முகத்தில் தெரியாத தழும்பு என்பதே வேற்றுமை.

இதே கேடு மாத்திரைகளாலும் வரும் என்பதை இல்லத்தார் மறவாதிருக்க வேண்டும். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருத்துவர் கண்காணிப்பின்றி நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்டிசாலின் வேலையையே செய்கின்றன. அவற்றைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கெனத் தனித் துறைகள் உள்ளன.

தளர்ந்த தசைக்குச் செய்யத்தக்கவை உண்டு. இயன்முறை மருத்துவர் காட்டும் பயிற்சிகளைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது, முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவை அளவோடு சேர்ப்பது, வைட்டமின் டி குறைவு உண்டா எனப் பரிசோதிப்பது ஆகியவை அவை. பலன் மெல்லத்தான் தெரியும். ஒரே நாளில் உடலை வருத்தி ஈடுகட்ட முனைவது தீங்கு.

தொழுகையைப் பற்றியும் ஒரு சொல். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் வழங்கிய சலுகை. அல்லாஹ் மன்னித்து அளித்த ஒன்றை நாம் குறையாகப் பேசலாமா?

மாமியாரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. “கொஞ்சம் முயன்று பாரம்மா” என்று ஓராண்டுக்கு முன் அவளிடம் சொன்னவன் நான்தான். சென்ற மாதம் இவற்றையெல்லாம் அவர் அருகிலமர்ந்து விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மஃக்ரிப் பாங்கு ஒலித்தபோது, அவரே எழுந்து சென்று அந்த நாற்காலியைக் கிப்லாவை நோக்கித் திருப்பி வைத்தார்.

உங்கள் இல்லத்திலும் நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் இருந்தால், “இன்னுமா?” என்று கேட்காதீர்கள். “கை கொடுக்கட்டுமா?” என்று கேளுங்கள்.