பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது; வேதியியலின் அடித்தளம் போய்விடக் கூடாது

2025-26 கல்வியாண்டு முதல் தமிழகத்தில் பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை ஒட்டி இந்த அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு எழுதிக் களைத்த பிள்ளைகளுக்கு இது நிம்மதி தரும் முடிவு. நாமும் வரவேற்கிறோம்.

அதே நேரத்தில், 2017-18இல் இந்தத் தேர்வு ஏன் கொண்டுவரப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பிளஸ் ஒன் பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. மதிப்பெண் வந்தது; அடிப்படை வரவில்லை. அந்த வழக்கத்துக்குத் தடை போடத்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். இப்போது தடை நீங்கிவிட்டது. பழைய வழக்கம் திரும்பினால் அதிகம் அடிபடப்போகும் பாடங்களில் ஒன்று வேதியியல்.

ஏன் வேதியியல்?

"பிளஸ் டூ கெமிஸ்ட்ரி புரியவே இல்லை" என்று பிள்ளைகள் சொல்லும்போது, சிக்கல் பெரும்பாலும் பிளஸ் டூ புத்தகத்தில் இருப்பதில்லை. அயனிச் சமநிலை புரிய வேண்டுமானால் பிளஸ் ஒன்னில் வரும் வேதிச் சமநிலை தெரிந்திருக்க வேண்டும். மின் வேதியியலுக்கு ஆக்சிஜனேற்ற எண் வேண்டும். அணைவுச் சேர்மங்களுக்கு எலக்ட்ரான் அமைப்பும் வேதிப் பிணைப்பும் வேண்டும். கார்பனைல் சேர்மங்கள், நைட்ரஜன் சேர்மங்கள் போன்ற கரிம வேதியியல் பாடங்கள் அனைத்துக்கும் வேர் பிளஸ் ஒன் புத்தகத்தின் பிற்பகுதியில் இருக்கிறது. அது தெரியாத பிள்ளை ஒவ்வொரு வினையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறது. தேர்வு அறையில் ஒன்றை மறந்தால் எல்லாமே குழம்பிப்போகிறது.

மேற்படிப்பிலும் இதன் விளைவு நேரடியானது. நீட் தேர்வின் 180 கேள்விகளில் 45 வேதியியல். அவை பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட் ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அந்தக் கதவுக்குள்ளும் மதிப்பெண் வரிசைதான் இடத்தை முடிவு செய்கிறது.

புரிய வைப்பது எப்படி?

பிளஸ் ஒன் வேதியியலில் மாணவர்களை முதலில் மிரட்டுவது மோல் கணக்கு. அதை அடுப்பங்கரையிலிருந்தே தொடங்கலாம். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்பது நம் வீட்டு பிரியாணிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 5 கிலோ அரிசியும் 3 கிலோ கறியும் இருந்தால், அந்தப் பக்குவத்தில் 3 கிலோ அரிசிக்குத்தான் பிரியாணி ஆக்க முடியும். 2 கிலோ அரிசி மிஞ்சும். அளவை முடிவு செய்தது கறி.

வேதியியலிலும் இதே கணக்குதான். இரண்டு மோல் ஹைட்ரஜன் ஒரு மோல் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் இரண்டு மோல் தண்ணீர் கிடைக்கும். அதாவது 4 கிராம் ஹைட்ரஜனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 36 கிராம் தண்ணீர் வரும். ஆக்சிஜன் 16 கிராம் மட்டுமே இருந்தால் 18 கிராம் தண்ணீரோடு வினை நின்றுவிடும். 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். இங்கே ஆக்சிஜன்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தப் பெயர் மறக்காது.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்குப் பாடத்தோடு மொழியும் சேர்ந்து சுமையாகிறது. பாடநூல் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் புரியாத பத்தியைத் தமிழ்ப் புத்தகத்தில் படித்துவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வரலாம். கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஓரிரு மாதங்களில் தடுமாற்றம் குறைந்துவிடும்.

தேர்வுக்குத் தயாராவது எப்படி?

பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு வினாவைக் கட்டாயம் எழுதியாக வேண்டும். அங்கே கணக்கு வந்தால் அதைத் தவிர்க்க வழியில்லை. ஆகவே பாடப் பின்பகுதியில் உள்ள கணக்குகளைப் படித்தால் போதாது; விடையை மூடி வைத்துவிட்டுத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வினாத்தாள்களை 3 மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும்.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு முறை இதற்குக் கைகொடுக்கும். ஹிஃப்ழு மதரஸாவில் உஸ்தாத் புதிய பாடம் கொடுக்கும்போது பழைய பாடத்தை ஓதிக் காட்டச் சொல்லாமல் விடுவதில்லை. வேதியியலையும் அப்படியே படிக்கலாம். பிளஸ் டூ பாடம் ஒன்று தொடங்கும் முன் அதற்கு வேரான பிளஸ் ஒன் பாடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தால், இரண்டு ஆண்டுப் பாடமும் சேர்ந்தே மனதில் நிற்கும்.

இன்னொன்றையும் நாம் திட்டமிட வேண்டும். 2024இலும் 2025இலும் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரமலான் மாதத்தோடு சேர்ந்து வந்தது. ஆண்டுதோறும் ரமலான் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்வதால், 2026, 2027 ஆண்டுகளில் இறுதித் திருப்புதல் நாட்களும் நோன்புக் காலத்தில்தான் அமைகின்றன. கடினமான பாடங்களை ரமலானுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஸஹருக்குப் பின், ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கிடைக்கும் அமைதியான நேரம் கணக்குகளுக்கு ஏற்றது. பகல் பொழுதை ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு ஒதுக்கலாம். பெண் பிள்ளைகளை அந்த நாட்களில் இஃப்தார் சமையல் வேலையிலிருந்து விடுவிப்பது குடும்பத்தின் கடமை.

பெற்றோரும் ஜமாஅத்தும்

வேதியியல் தெரியாத அத்தாவும் உம்மாவும்கூடப் பள்ளிக்குச் சென்று ஒரு கேள்வி கேட்கலாம்: "பிளஸ் ஒன் பாடம் முழுவதும் நடத்துகிறீர்களா?" பொதுத்தேர்வு இல்லாத ஆண்டில் இந்தக் கேள்வியைப் பெற்றோர்தான் கேட்டாக வேண்டும். பிள்ளையின் பிளஸ் ஒன் நோட்டை மாதம் ஒருமுறை புரட்டிப் பார்த்தாலே பாடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தனியார் டியூஷன் கட்டணம் எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு மஹல்லாவிலும் வேதியியல், பார்மசி, பொறியியல் படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் இருக்கிறார்கள். மாலைநேர மதரஸா முடிந்ததும் அதே இடத்தில் வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் அவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தால், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஒரு கரும்பலகையும் பழைய வினாத்தாள்களும் போதும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் குறைந்தபின் ஓடுவதைவிட, பிளஸ் ஒன் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைத் தொடங்குவது நல்லது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்கித் தருவானாக.