பல்லக்குப் பரிவாரத்தில் ஒரு படைக்குரு

மட்டக்களப்பு வாவியின் நடுவே, புளியந்தீவில் நிற்கும் பழங்கோட்டையை நேயர்கள் பலர் கண்டிருப்பர். போர்த்துக்கேயர் 1628-இல் எழுப்பிய இக்கோட்டையை 1638-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. சென்ற முறை அதன் மதிலோரம் நின்றபோது நமக்கு ஒரு வினா எழுந்தது. பிறந்த மண்ணை விட்டுப் பல்லாயிரம் மைல் கடந்து வந்து, இங்கே காய்ச்சலில் கிடந்த ஆங்கிலச் சிப்பாய்க்கு அருகிருந்து செபம் சொல்ல யார் இருந்தார்?

விடை வியப்பூட்டுவது. 1799 முதல் 1804 வரை இலங்கைத் தீவு முழுவதற்கும் ஆங்கிலத் திருச்சபையின் குரு ஒருவரே இருந்தார். அவரும் கொழும்பில் இருந்தார்.

அவர் பெயர் ஜேம்ஸ் கோடினர். ஸ்கொத்லாந்தின் பான்ஃப் நகரில் 1775-இல் பிறந்தவர். தந்தையாரும் குருவே, பழம்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்டவர். மைந்தர் அபர்டீனில் கற்றுப் பட்டம் பெற்று, 1797-இல் சென்னை வந்து, படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பேற்றார். பின்னர் திருகோணமலைப் படையினருக்குக் குருவானார். அங்கிருந்து அவரைக் கொழும்புக் கோட்டைக்கு அழைத்துக்கொண்டவர் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்.

1800-இல் நோர்த் தீவைச் சுற்றிவரப் புறப்பட்டபோது கோடினரும் உடன் சென்றார். வண்டி செல்லத்தக்க பாதை இல்லாத காலம் அது. பல்லக்குச் சுமப்போர் 160 பேர், கூலிகள் 400 பேர், லஸ்கார்கள் 50 பேர், குதிரைகள் ஆறு, யானைகள் இரண்டு! இத்துணைப் பரிவாரமும் தென்கரையைக் கடந்து, மட்டக்களப்பு வழியாகத் திருகோணமலையை நோக்கி நகர்ந்ததை எண்ணிப் பாருங்கள். வழியிலுள்ள சிற்றூரார் இவர்களுக்கு எங்ஙனம் சோறிட்டனரோ!

எனினும் கோடினரை நாம் நினைக்கவேண்டியது பல்லக்குக்காக அன்று, பாடசாலைகளுக்காக. நோர்த் அவரையே பாடசாலைகளுக்கும் தலைவராக்கியிருந்தார். ஒல்லாந்தர் காலத்தில் கோயிற்பற்றுதோறும் ஒரு பாடசாலை இருந்தது. அதன் உபாத்தியாயர் எழுத்துக் கற்பித்ததோடு நிற்கவில்லை. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பாடசாலைத் தோம்பில் பதிவதும் அவர் பணியே. ஊரில் யார் யாருக்குப் பிள்ளை, எவர் எவரை மணந்தார் என்பதற்கு அந்தத் தோம்பே சாட்சி. ஆங்கிலேயர் வந்தபின் கவனிப்பாரின்றிக் கிடந்த இப்பாடசாலைகளை நோர்த் மீண்டும் திறப்பித்தார். 1801-இல் 170 பாடசாலைகள் இருந்தன என்றும், புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர் 342,000 பேருக்கு மேற்பட்டனர் என்றும் கோடினர் கணக்குத் தருகிறார்.

மாணவர்கள் இந்த இரண்டாவது தொகையைக் கண்டு மயங்கிவிடலாகாது. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் பெறவும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. ஆதலால் தோம்பில் பெயரும் வீட்டில் பழைய வழிபாடுமாக வாழ்ந்தோர் மிகப் பலர். பெயர்களை எண்ணலாம், நெஞ்சங்களை எண்ணுவது எப்படி? ஒரே குரு அத்தனை பேரையும் சென்று காணவும் இயலாது.

1803 அவருக்குக் கொடிய ஆண்டு. கண்டிமீது படையெடுத்துச் சென்ற ஆங்கிலப் படை சூன் 24-இல் அழிந்தது. மருத்துவசாலையில் எழமாட்டாது கிடந்த நோயாளரும் கொல்லப்பட்டனர். தம் மந்தையைச் சேர்ந்தோரின் அந்த முடிவையும் அவர் தம் நூலில் எழுதவேண்டியதாயிற்று. அதே ஆண்டில் லண்டனிலிருந்து செலவைக் குறைக்கும்படி கட்டளை வந்தது. நாட்டுப்புற உபாத்தியாயர்களின் வேதனம் நிறுத்தப்பட்டது. போருக்குப் பணம் கண்ட அரசாங்கம், அரிச்சுவடிக்குப் பணம் காணவில்லை. உபாத்தியாயர் போனால் பள்ளி போகும். பள்ளி போனால் தோம்பும் போகும். பாட்டனாரின் பெயரைத் தேடிச் சுவடிகளைப் புரட்டுவோர்க்கு இதன் நட்டம் இன்றும் விளங்கும்.

1804-இல் கோடினர் தீவை விட்டு நீங்கினார். 1807-இல் அவருடைய இலங்கை வரலாற்று நூல் இரண்டு பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. முத்துக்குளிப்பும் கண்டிப் போரும் கரையோர ஊர்களும் அதில் இடம்பெற்றுள்ளன. அபர்டீனில் புனித பவுல் ஆலயக் குருவாக 1834 வரை பணியாற்றி, 1836-இல் அவர் காலமானார்.

வாவிக்கரைக்கோ பள்ளி வேறொருவர் கையால் வரவேண்டியிருந்தது. அவர் படைக்குருவுமல்லர், ஆங்கிலத் திருச்சபையினருமல்லர். வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட், மனைவியைக் கப்பற் பயணத்திலேயே பறிகொடுத்து, 1814-இல் தனியராய்ப் புளியந்தீவில் வந்திறங்கினார். ஏறக்குறைய எட்டே மாதங்கள் உயிர்வாழ்ந்து, அதற்குள் பள்ளிகளைத் தொடங்கி, 1815 ஏப்ரல் முதலாந் தேதி இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814-இலிருந்தே எண்ணுகிறது.