பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள்

வாக்குரிமையைப் பறிப்பவன் தடியேந்திச் சாவடி வாயிலில் நிற்பான் என்றே நம் மாணவர் எண்ணுகின்றனர். நான் கற்றறிந்தவரை, ஒரு மக்கள் கூட்டத்தின் வாக்குரிமை ஏறத்தாழ முழுமையாகப் பறிக்கப்பட்ட நாடொன்றில் தடி தேவைப்படவில்லை. படிவமும் எழுதுகோலுமே போதுமாயிருந்தன. அந்நாடு நமக்கு அயலானதன்று. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அந்நாளில், அவர்தம் உறவினர் மண்டபம் முகாம் வழியே சென்று சேர்ந்த இலங்கையே அது.

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் அங்கு வயது வந்தோர் வாக்குரிமையைக் கொணர்ந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் அப்போதே வாழிடம், எழுத்தறிவு, சொத்து என நிபந்தனைகள் சூழ்ந்திருந்தன. எனினும் 1947 பொதுத்தேர்தலில் அவர்தம் வாக்கு இலங்கை இந்தியக் காங்கிரசாரை நாடாளுமன்றம் அனுப்பியது. வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்க்கும் தோள் கொடுத்தது. ஆளுங்கட்சியின் கண்ணில் அதுவே குற்றமாயிற்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது தெரியுமா? இலங்கையில் பிறந்த ஒருவன், தன் தந்தையும் அங்கே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தனர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். லயத்து இருட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த தந்தைக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? சிங்களச் சிற்றூர் உழவனிடமும் பூட்டனின் பத்திரம் இருந்திராது. ஆனால் அவனிடம் எவரும் கேட்கவில்லை. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர்க்கெனத் தனிச்சட்டம் ஒன்று வந்தது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஈராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே. அதே 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், குடிமக்களே வாக்காளர் என்று கதவைச் சாத்திற்று. 1952இல் தொழிலாளர் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் சார்பில் ஒருவரேனும் தேர்வு பெறவில்லை. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாவில் வெல்லும்வரை அந்நிலை நீடித்தது.

"சட்டம் எவரையும் பெயர் சுட்டி விலக்கவில்லையே! எல்லார்க்கும் பொதுவன்றோ?" என்பார் இன்றும் உளர். இவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1953இல் அம்மன்றமும் ஏறக்குறைய அவ்வாறே கூறி, இச்சட்டங்கள் செல்லுமென்று தீர்த்தது. கற்றவர் கூற்று எனினும் ஏற்கவியலாத கூற்று இது. பொதுவான சொல்லால் ஆன சட்டம் ஒரு சாரார் தலையிலேயே விழுமாயின், அச்சொல்லைத் தேடிப் பொறுக்கியவன் நோக்கத்தைப் பார்க்க வேண்டாவா? அமெரிக்கத் தென்மாநிலங்களும் இதே வித்தையைச் செய்தன. அங்கே கறுப்பினத்தவர் முன் வைக்கப்பட்டது எழுத்தறிவுத் தேர்வு. தேறினாரா இல்லையா என்று முடிவு செய்பவர் வெள்ளையதிகாரி! 1965 வாக்குரிமைச் சட்டமே அதற்கு முடிவு கட்டத் தொடங்கிற்று. எழுத்தைக் கற்பிப்பதே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, எழுத்தே பூட்டாக்கப்பட்ட கதை சுடவில்லையென்றால் வேறெது சுடும்?

பழியை ஒருபாலார் மீதே சுமத்துதல் முறையன்று. 1948 சட்டத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம் சில வாரங்களில் அமைச்சரானார். 1949 சட்டங்கள் அவர் அமைச்சராய் இருந்தபோதே நிறைவேறின. அவரைப் பிரிந்து சென்ற சா. ஜே. வே. செல்வநாயகத்தை நம் மாணவர்க்குச் சொல்கிறோம். பிரிவின் காரணத்தைச் சொல்கிறோமா? படித்த தமிழன் படியாத தமிழனை விட்டுக்கொடுத்த அந்த நாள் நம் பாடத்தில் இல்லை.

1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்பாட்டில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். நாடற்றோர் சிக்கலைத் தீர்க்க 1988இலும் 2003இலும்கூடச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்குமேல் கடந்திருந்தது.

"இலங்கைக் கதை நமக்கெதற்கு?" என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் கேட்டார். மலேசியாவில் 2021 டிசம்பர் 15 முதல் 18 அகவை நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கின்றனர், மகிழ்ச்சியே. ஆனால் 'குடிமகன்' என்னும் சொல்லுக்கு வெளியே நிற்பவனை எந்தத் தானியங்கிப் பதிவும் அழைத்துக்கொள்ளாது. 1962 திருத்தத்தால், இங்குப் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோருள் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. தோட்டப்புறத்தில் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து மறைந்த முதியோரை அறியாத ஆசிரியர் நம்முள் யார்?

நானும் குற்றமற்றவனல்லன். பல்லாண்டுக்கு முன், பிறப்புப் பத்திரமில்லாத சிறுவனொருவனை அவன் பாட்டி அழைத்து வந்தார். "பத்திரத்தோடு வாருங்கள் அம்மா" என்று திருப்பியனுப்பினேன். விதி அது என்று அன்று தேற்றிக்கொண்டேன். விண்ணப்பத்தை நானே எழுதித் தந்திருக்கலாம். பதிவலுவலகம்வரை உடன் சென்றிருக்கலாம். அவர்கள் மீண்டும் வரவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி, பின்னாளில் ஒருவன் இங்கே வளர்ந்தான் என்பதற்குச் சான்றாகக்கூடும் என்பதைப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

இக்கட்டுரை எழுதுமுன் பழைய பதிவேடுகளை இறக்கிப் பார்த்தேன். பிறப்பிடம் என்னும் கட்டம் வெறுமையாய்க் கிடந்த பெயர்கள் பதினொன்று. அவற்றுள் நான்கு என் கையெழுத்து.