பொது மென்பொருளுக்குப் பொறுப்பாளி யார்?

பெரிய ஸ்தாபனங்களின் நிர்வாகத்தில் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். வெளியாருக்கு விற்கும் மென்பொருளுக்குத் தலைவர் உண்டு, கணக்கர் உண்டு, காவலர் உண்டு. ஸ்தாபனத்தின் சகல இலாகாக்களும் தினந்தோறும் நம்பியிருக்கும் உள் மென்பொருளுக்கோ கேட்பாரில்லை. ஊழியரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், ரசீது தயாரிப்பதும், ஓரிடத்துத் தகவலை மற்றோரிடத்தில் சேர்ப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. என்றோ ஒருநாள் ஒருவர் தமது அவசரத்துக்கு அதை எழுதினார். அது நன்றாயிருக்கவே, பக்கத்து இலாகா இரவல் வாங்கிற்று. பிறகு எல்லோரும் வாங்கினர். எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிரல் மட்டும் நிற்கிறது. அது யாருடையது என்று கேட்டால், எல்லோருடையதும் என்று பதில் வருகிறது. எல்லோருடையது என்றால், அனுபவத்தில், ஒருவருடையதும் அன்று என்பதே பொருள்.

இத்தகைய பொது மென்பொருளைப் பராமரிப்பதற்கென்றே, சம்பளமும் அதிகாரமும் உள்ள தனிக்குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பிறகு பராமரிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராயிருந்த மேயர் லேமன், இதற்கு 1974-ம் வருஷத்திலேயே விடை கூறிவிட்டார். உபயோகத்திலிருக்கும் மென்பொருளை இடைவிடாது மாற்றியமைத்து வராவிட்டால் அதன் பயன் நாளுக்கு நாள் குறையும் என்பது அவர் கண்ட விதி. நிரல் துருப்பிடிப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது. நேற்றைய நிலைமைக்குச் சரியாயிருந்தது இன்றைய நிலைமைக்குப் பிழையாகிறது.

இதற்கு 1996-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி நடந்த விபத்தைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியேன் 5 ராக்கெட், தனது முதற் பயணத்தில், சுமார் 40 விநாடிகளுக்குள் சிதறிப்போயிற்று. அதிலிருந்த நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. காரணம் என்ன? திசையையும் வேகத்தையும் கணிக்கும் கருவியின் மென்பொருள், ஏரியேன் 4 என்ற பழைய ராக்கெட்டிலிருந்து எடுத்தாளப்பட்டது. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் மிக அதிகம். கணக்கில் வந்த ஓர் எண், அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. உடனே கருவி வேலையை நிறுத்திவிட்டது. ஆபத்துக்கு உதவ வைத்திருந்த மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் அதே காரணத்தால் நின்றது. பிழை நேர்ந்த பகுதியோ, ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியேன் 5-க்குத் தேவையே இல்லாதது!

விசாரணைக் குழுவின் அறிக்கையில் நமது கவனத்துக்குரிய விஷயம் வேறொன்றும் உண்டு. இவ்வகை அபாயத்துக்கு உட்பட்ட ஏழு எண்களில் நான்குக்கே பாதுகாப்புச் செய்திருந்தார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். பழைய ராக்கெட்டைப் பொறுத்தவரை அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயம் நிரலில் எழுதப்படவில்லை. மலைபோன்ற தஸ்தாவேஜுகளுக்குள் மறைந்து கிடந்தது. அம்முடிவை ஒருவர் செய்யவுமில்லை. பல நிலைகளிலுள்ள பங்காளிகள் கூடிச் செய்தார்கள். பலர் கூடிச் செய்த முடிவைப் பின்னால் நினைவில் வைத்து, ‘நிலைமை மாறிவிட்டது, ஜாக்கிரதை’ என்று எச்சரிப்பது எவர் கடமை? அக்கடமைக்கு ஆள் இல்லை.

ஸ்தாபனங்களின் சுவருக்கு வெளியேயும் இதே கதைதான். இணையத்தில் இரகசியத்தைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த பெரும் ஓட்டை, 2014-ம் வருஷம் ஏப்ரலில் வெளிப்பட்டது. ‘ஹார்ட்பிளீட்’ என்பது அதன் பெயர். அந்த ஓட்டை இரண்டு வருஷங்களாக அங்கேயே இருந்தது. உலகின் செல்வக் கம்பெனிகள் பலவும் அம்மென்பொருளைக் கொண்டு வியாபாரம் செய்துவந்தன. அதைப் பராமரிக்க முழுநேர ஊழியர் ஒருவரே இருந்தார். வருஷத்துக்கு வந்த நன்கொடையோ சுமார் 2,000 டாலர்! குட்டு வெளிப்பட்ட பிறகே பெரிய கம்பெனிகள் சேர்ந்து நிதி திரட்டின. முழுநேர ஊழியர் இருவருக்குச் சம்பளம் தர முன்வந்தன. முன்பே கொடுத்திருந்தால் எவ்வளவு மலிவாக முடிந்திருக்கும்!

தனிக்குழு வேண்டாம், எல்லா இலாகாவினரும் சேர்ந்து திருத்திக்கொள்ளலாம் என்ற யோசனையும் உண்டு. டிம் ஓ'ரைலி 2000-ம் வருஷத்தில் ‘இன்னர்சோர்ஸ்’ என்று இதற்குப் பெயரிட்டார். இம்முறையை நாம் வரவேற்கிறோம். ஆனால் பலர் திருத்தம் கொண்டுவந்தால், அவற்றைப் பரிசீலித்து, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ள ஒருவர் வேண்டாமா? வாசல் அகலமாகத் திறந்திருக்கும் வீட்டுக்குத்தான் வீட்டுக்காரர் அதிகம் தேவை.

மற்றொரு ஆட்சேபம் நியாயமானது. தனிக்குழு நாளடைவில் சுங்கச்சாவடியாகிவிடும். அதன் தயவின்றி எவரும் ஒன்றும் செய்ய முடியாமற் போகும் என்கிறார்கள். இந்த அபாயம் உண்டு. இதற்கு மருந்து, குழுவின் அந்தஸ்தைச் சட்டம் அறிந்த முறையில் வரையறுப்பதே. அக்குழுவினர் சொத்தின் சொந்தக்காரர்கள் அல்லர், தருமகர்த்தாக்கள். தருமகர்த்தா சொத்தைக் காக்கலாம், தனதாக்கிக்கொள்ள முடியாது. பாத்தியதை உள்ளவர்கள் கேட்டால் கணக்குக் காட்டியாக வேண்டும். அவ்வாறே, பிறர் கொணரும் திருத்தத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதவேண்டும். ஒன்றை நிறுத்துமுன் போதிய நோட்டீஸ் கொடுக்கவேண்டும். ஒருவரும் உபயோகிக்காததைத் துணிந்து மூடவேண்டும்.

செலவைக் கண்டு அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. அச்செலவு இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்கில் ஏறவில்லை, அவ்வளவே. சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் ஸ்தாபனங்களில் உழைக்கும் நமது இளைஞர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய நிரலின் மர்மம் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் இடத்திலும் இருப்பார். தமது வேலையைப் பகலில் முடித்துவிட்டு, ஊருக்குப் பொதுவான வேலையை இரவில் பார்ப்பார். வருஷ முடிவில் அவருடைய மதிப்பீட்டில் அந்த உழைப்புக்கு ஒரு வரிகூட இடமிராது. ஒரு நாள் அவர் ராஜினாமாச் செய்வார். அன்றுதான் மேலதிகாரிகளுக்கு அவர் பெயர் தெரியவரும். இது சிக்கனமன்று, பிறர் தூக்கத்தைக் கடன் வாங்கி நடத்தும் நிர்வாகம்.

இப்படிப்பட்ட குழுவுக்குப் புகழ் கிடைப்பது அரிது. இடைஞ்சல் நேராதிருப்பதே அதன் வேலை. நேராத இடைஞ்சலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவேதான் ஆட்குறைப்பு என்றதும் முதற் கத்தி அதன் கழுத்தில் விழுகிறது. அதற்கான பணத்தை எந்த இலாகாவின் தயவிலும் விடாமல், தனி இனமாக ஒதுக்கிவைக்க வேண்டும்.

நிர்வாகிகளுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் ஸ்தாபனத்தில் மூன்று இலாகாக்களுக்கு மேல் சார்ந்திருக்கும் மென்பொருள் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குப் பொறுப்பானவர்களின் பெயரை எழுதுங்கள். எந்த வரியில் பேனா தயங்குகிறதோ, அங்கேதான் அடுத்த விபத்து காத்திருக்கிறது.